ஓர் எழுத்துப் பலகையும் அதில் விட்டுப்போன ஒரு ப்-உம்

பேச்சு போனவர்களுக்கென்று விற்கிற தமிழ் எழுத்துப் பலகை பற்றிய விமர்சனம் இது. வாங்கிய மறுநாள் எழுதுவதில்லை. இரண்டரை வருடம் தினமும் பயன்படுத்தி, அம்மா போனபின் அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தும்விட்டு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும். நட்சத்திரக் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: பலகைக்கு ஐந்தில் மூன்றரை, கூட வந்த குறிப்புத் தாளுக்கு ஒன்று. அந்த ஒன்றும் தாள் நல்ல கெட்டித் தாள் என்பதற்காக.

பொருள் என்னவென்றால், ஏ3 அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. மேலே உயிரெழுத்துகள் இரண்டு வரியில், குறில் ஐந்து ஒரு வரி, நெடில் ஏழு ஒரு வரி. அதன் கீழே மெய்யெழுத்துகள் மூன்று வரியில்: வல்லினம், மெல்லினம், இடையினம், வரிக்கு ஆறு. ஓரத்தில் ஒரு புள்ளி, ஓர் ஆய்தம், அடியில் ஜ ஷ ஸ ஹ, வலப்பக்கம் எட்டு பத்து ஆயத்த வாக்கியங்கள். அவ்வளவுதான். இதை வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நான் முதலில் நினைத்தது அந்த மூன்று வரிகளைப் பார்த்துத்தான். ஏனென்றால் இதற்குமுன் நான் பார்த்த இன்னொரு பலகையில் 247 எழுத்தையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், நோயாளிக்கு எறும்புக் கூட்டம் போலத்தான் தெரியும்.

பலகையைப் பற்றிச் சொல்ல அம்மாவுக்கு என்ன நோய் என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் குறை சொல்வது எதுவும் புரியாது.

அம்மா அச்சகத்தில் புரூப் பார்த்தவள். முப்பது வருடத்துக்கு மேல். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை, மின்வாரிய அறிவிப்பு, மருந்துச் சீட்டு எதுவாக இருந்தாலும் படிக்கும்போதே விரல் ஓரிடத்தில் நிற்கும், "இங்க ஒரு க் வரணும்" என்பாள். நாங்கள் பள்ளியிலிருந்து எழுதிய கடிதங்களையே திருத்தித் திருப்பித் தந்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவள் ஒரு கட்டத்தில் பக்கத்தின் கடைசி நாலைந்து வரிகளில் பிழைகளை விட ஆரம்பித்தாள். மேல்பாதி சுத்தமாக இருக்கும், அடியில் மட்டும் ஓட்டை. கண்ணாடி மாற்றினோம், அப்புறம் இன்னொரு முறை மாற்றினோம். இரண்டாவது கண்ணாடிக்கும் முதல் கண்ணாடிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவளே சொன்னாள். பிறகு விழ ஆரம்பித்தாள். தடுக்கி முன்னால் விழுவதில்லை, நின்றவாக்கில் மரம் சாய்வதுபோல் பின்பக்கமாக. கையை ஊன்றக்கூடத் தோன்றாது.

பார்க்கின்சன் என்று சொல்லி இரண்டு வருடம் லெவோடோபா மாத்திரை. பெரிய பலன் ஒன்றும் இல்லை. ஒரு நரம்பியல் மருத்துவர்தான் கடைசியில் விரலை இடம் வலமாக ஆட்டுவதோடு நிறுத்தாமல் மேலும் கீழுமாகவும் ஆட்டிப் பார்த்தார். அம்மாவின் கண் கீழே இறங்கவே இல்லை. பிறகு "விரலையே பாருங்கம்மா" என்று சொல்லி, அவளுடைய தலையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார், அப்போது விழி தானாகக் கீழே இறங்கியது. கண் தசைகளில் கோளாறில்லை, அவற்றுக்குக் கட்டளை போகும் வழி மூளையில் மேலேயே அடைபட்டிருக்கிறது என்று அர்த்தமாம். நோயின் பெயரிலேயே அது இருக்கிறது: ப்ரொக்ரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாகப் பிஎஸ்பி. 'சுப்ரா' என்றால் மேலே. 1964-இல் டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்த நோய். லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருவது. டௌ என்ற புரதம் மூளைச் செல்களில் சேர்ந்துகொண்டே போகிறது, நிறுத்த இன்றுவரை மருந்து இல்லை. எம்ஆர்ஐ படத்தைப் பக்கவாட்டில் காட்டினார்கள், நடுமூளை சுருங்கிப்போய் நீள அலகுள்ள ரீங்காரச்சிட்டு போலவே இருந்தது. அம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றாள். அப்போது பேச்சு இருந்தது.

பேச்சு குழறி, உறுமலாகி, அப்புறம் நின்றுபோனது நோய் தொடங்கிய ஐந்தாம் வருடம். பலகைக் கதை அங்கே தொடங்குகிறது.

நேரே இந்தப் பலகைக்கு வந்துவிடவில்லை. முதலில் ஒரு கண்ணாடிப் பலகை வாங்கினோம். நோயாளிக்கும் நமக்கும் நடுவில் பிடித்தால் அவர் எந்த மூலையைப் பார்க்கிறார் என்று நாம் கண்டுபிடிக்கலாம், நாலு மூலையிலும் எழுத்துக் கூட்டங்கள் இருக்கும். நல்ல யோசனை, வேறு நோய்க்கு. மேலும் கீழும் பார்க்க முடியாதவளுக்கு நாலு மூலையில் என்ன இருந்தால் என்ன? அடுத்து, விழியின் அசைவைத் தொடர்ந்து தட்டச்சு செய்யும் கருவி ஒன்றை ஒரு வாரம் இரவலாக வாங்கி வந்தோம். அது முதலில் திரையின் மேலும் கீழும் புள்ளிகளைக் காட்டி அவற்றைப் பார்க்கச் சொல்லும், பார்த்தால்தான் அளவெடுத்துக்கொள்ளும். ஒரு வாரமும் அது அளவெடுத்துக்கொண்டே இருந்தது. தங்கை அம்மாவின் தலையை ஆட்டி ஏமாற்றிப் பார்த்தாள், கருவி ஏமாறவில்லை. ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழந்துகொண்டே போகிற நோய்) போல விழியசைவு கடைசிவரை பெரும்பாலும் தங்கிவிடுகிற நோய்களில் அந்தக் கருவி பெரிய வரம் என்கிறார்கள், மறுக்கவில்லை. பிஎஸ்பிக்கு வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து ஒரு நாளாவது வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்தப் பலகையைக் கண்ணால் காட்ட வேண்டியதில்லை. நாம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், சரியான இடத்தில் அவர் ஏதாவது ஒரு சைகை காட்ட வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். குறிப்புத் தாளை நம்பியிருந்தால் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டிருப்போம்.

அந்தத் தாளில் என்ன கோளாறு? "ஆம் என்பதற்குக் கண் சிமிட்டச் சொல்லுங்கள்" என்கிறது. பிஎஸ்பி வந்தவர்கள் நிமிடத்துக்கு மூன்று நான்கு தடவை சிமிட்டினாலே அதிகம், அதனால்தான் அந்த வெறித்த பார்வை, அதனால்தான் கண் காய்ந்துபோய் நாள் முழுக்கச் சொட்டு மருந்து. சிலருக்கு மூடிய இமையை நினைத்தபோது திறக்க முடியாமலும் போகும். ஆம் என்கிறாரா, கண் மாட்டிக்கொண்டதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அடுத்து, பலகையை நோயாளியின் மடியில் வைப்பதுபோல் படம் போட்டிருக்கிறார்கள். மடியைத்தான் அவர் பார்க்கவே முடியாதே. கண்ணுக்கு நேரே, சாய்க்காமல் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பழைய காலண்டர் ஆணி ஒன்று அதற்குச் சரியான உயரத்தில் இருந்தது.

மூன்றாவது கோளாறுதான் பெரியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நொடி இடைவெளி விடச் சொல்கிறது தாள். அம்மாவுக்கு நாம் சொல்வது காதில் விழுந்து, புரிந்து, பதில் கட்டைவிரலுக்கு வந்து சேர ஐந்து நொடி, சில நாள் பத்து நொடி. மறதி இல்லை, புரியாமையும் இல்லை. வழி நீளம். நாம் ஒரு நொடியில் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டால், 'க'வுக்குத் தூக்கிய விரல் 'த'வில் வந்து நிற்கும், அப்புறம் நாம் ஒரு புது மொழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம். முதல் வாரம் முழுக்க அதைத்தான் செய்தோம். அம்மாவுக்கு மனசு குழம்பிவிட்டது என்று தம்பி வெளியே போய் அழுதான்.

ஆமாம், கட்டைவிரல். வலது கட்டைவிரல் கடைசிவரை ஓரளவு அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. அதிலும் ஒரு சிக்கல். இந்த நோயில் மூன்று முறை கைதட்டச் சொன்னால் நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே போவார்கள், மருத்துவர்கள் அதை ஒரு சோதனையாகவே செய்கிறார்கள். விரலும் அப்படித்தான். ஒருமுறை தூக்கினால் நாலைந்து முறை தானாகத் தூக்கும். அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு விரலை என் உள்ளங்கையில் வைத்து அமைதியாகும்வரை பிடித்துக்கொள்வேன், அப்புறம் "த-வா?" என்று உறுதி கேட்பேன். இது எந்தத் தாளிலும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். முதலில் உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம். வரி கிடைத்ததும் அதிலுள்ள எழுத்துகள். பிறகு புள்ளி, குறில், நெடில். கடைசியாக எந்த உயிர். இந்த முறையில் 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லுக்கு நான் 34 தடவை வாய் திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி காத்திருப்பு. அதற்குள் நாமே "தண்ணியாம்மா?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஊகிப்பதுதான் வேகமான வழி. அம்மாவுக்கு ஊகித்தால் பிடிக்காது.

முதல் முழு வாக்கியத்தைச் சொல்கிறேன். இரண்டாவது வாரம். ப வந்தது, ய வந்தது. தங்கை உடனே, "பயமா இருக்காம்மா?" என்று குனிந்து கட்டிக்கொண்டாள். விரல் அசையவில்லை. அம்மாவின் முகம் எப்போதும்போல, புருவம் நெரிந்து, ஏதோ அதிர்ச்சியான செய்தி கேட்டவள்போல. அதுவும் நோய் போட்ட முகம்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ம் வந்தது. பயம். எங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாங்கள் சமாதானம் சொல்லச் சொல்ல விரல் வேலையைத் தொடர்ந்தது. மு. ன். பிறகு ப், புள்ளி வைத்த ப். ஒன்பது எழுத்து, ஏறக்குறைய அரைமணி நேரம். எழுதி வாசித்தேன்: "பயம் முன் ப் எங்கே."

யாருக்கும் புரியவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலப்பக்க ஆயத்த வாக்கியங்களில், அவள் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், "எனக்கு பயமாக இருக்கிறது" என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குப் பயமாக என்று வர வேண்டும். பதினான்கு நாளாக அந்த வரி அவள் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது, வேறெங்கும் பார்வையைத் திருப்பிக்கொள்ளக்கூட அவளால் முடியாது. மூன்று பேரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்திருப்பாள் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் மார்க்கரை எடுத்து இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு ப் போட்டேன்.

(விற்றவர்களுக்கு இதை எழுதிப் போட்டேன். "தகவலுக்கு நன்றி" என்று பதில் வந்தது. ஒரு வருடம் கழித்து இன்னொருவர் வாங்கிய பலகையைப் பார்த்தேன், ப் வரவில்லை. அரை நட்சத்திரம் அதற்காகக் குறைத்தேன்.)

அதன்பிறகு எதற்கும் அம்மா ஒற்றெழுத்தை விட்டுக்கொடுத்ததில்லை. ஒருநாள் கதவை என்றுவரை வந்தது. சாத்தத்தான் சொல்கிறாள் என்று தெரியாதா, காற்று அப்படி அடித்தது. எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரல் தூக்கியது. உயிர், வல்லினம், க, ச, புள்ளி. ச். கதவுதான் சாத்தியாயிற்றே என்றேன். இல்லை, ச் போட்டாக வேண்டும். போட்டு, அப்புறம் சாத்து என்றும் முடித்தாள், மூடிய கதவைப் பார்த்தபடி. எரிச்சல் வந்தது, பொய் சொல்லவில்லை. அன்றைக்கு இன்னும் குளிக்க வைக்கவில்லை, மருந்து அரைக்கவில்லை, நான் உட்கார்ந்து மூடிய கதவுக்கு ஒற்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பலகையின் மற்ற குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மேற்பரப்பு பளபளப்பு. டியூப் லைட் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும், இந்த நோயில் வெளிச்சம் கூசும் என்பது பலருக்கும் தெரியாது. மங்கலான மேற்பரப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கிடைக்காவிட்டால் மேலே டிரேசிங் தாள் ஒட்டினால் போதும். ஆயத்த வாக்கியங்கள் எல்லாமே நோயாளி வாக்கியங்கள்: வலிக்கிறது, திரும்பிப் படுக்க வேண்டும், மருத்துவரைக் கூப்பிடு. ஒரு மனுஷி வீட்டில் நாள் முழுக்கச் சொல்லக்கூடிய எதுவும் அதில் இல்லை. கீழே காலியிடம் விட்டிருக்கிறார்கள், அது நல்லது. அதில் அம்மா கேட்டு எழுதச் சொன்ன முதல் வாக்கியம் "சும்மா இரு". அதிகம் பயன்பட்டதும் அதுதான். பார்க்க வருகிறவர்கள் அவள் காதுபடவே, "பாவம், ஒண்ணும் தெரியலை போல" என்பார்கள். நான் பலகையை எடுத்து, "அம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்பேன். சும்மா இரு-வுக்கு ஒரே விரல் அசைவு. வந்தவர்கள் அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளிடமே பேசுவார்கள்.

ஜ ஷ ஸ ஹ வரியை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. தங்கை பெயரில் ஒரு ஷ இருக்கிறது. அம்மா கடைசிவரை அதை ச போட்டே முடித்தாள். பெயர் வைத்தது அப்பா என்பதால் இருக்கலாம்.

ஏழெட்டு மாதத்தில் எழுத்துகளுக்குப் பலகையைப் பார்க்கவே தேவைப்படவில்லை. வரிகள் எல்லாம் எங்களுக்கும் மனப்பாடம், அவளுக்கோ கேட்கவே வேண்டாம். இருட்டில், படுக்கையைத் திருப்பிப் போடும்போது, சக்கர நாற்காலியைத் தள்ளியபடியே, "வல்லினம்? மெல்லினம்?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். பொருளை விற்பவர்களுக்கு இது நல்ல விளம்பரமா என்று தெரியவில்லை. அப்படியானால் வெள்ளைத் தாளில் நாமே எழுதிக்கொள்ளக் கூடாதா என்றால், எழுதிக்கொள்ளலாம். கெட்டியான பலகை ஒன்று சுவரில் தொங்கினால் வீட்டுக்கு வருகிறவர்களும் பழகிக்கொள்கிறார்கள், அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம்.

வாங்குவதாக இருந்தால் பேச்சு இருக்கும்போதே வாங்குங்கள். முறையைப் பேசிப் பழகிக்கொள்ளலாம், எந்த விரல், எத்தனை நொடி என்று அவரே சொல்வார். நாங்கள் பேச்சு நின்றபின் வாங்கி ஒரு மாதத்தை வீணாக்கினோம். அப்படியே குரலையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு காணொளி, அதில் அம்மா முகம்கூடத் தெரியாது, "போனைக் கீழ வை முதல்ல" என்று திட்டுகிற சத்தம் மட்டும் ஏழு நொடி.

அவள் சொன்னவற்றை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். பலகையைக் கொடுத்தேனே தவிர நோட்டைக் கொடுக்கவில்லை. மொத்தம் நூற்றுப் பத்துப் பக்கம், இரண்டரை வருடப் பேச்சு. விழுங்குவது மோசமாகி, நெஞ்சில் சளி கட்டி, கடைசி வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு சொல் வந்தாலே பெரிது. கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்தான் இருக்கிறது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். உ வந்தது, ன, க், கு. பிறகு நின்று, ரொம்ப நேரம் கழித்து, உயிர், வல்லினம், க, புள்ளி. "உனக்குக்". அதோடு விரல் என் கையிலேயே தூங்கிவிட்டது. மறுநாள் காய்ச்சல்.

அடுத்த சொல் க-வில் தொடங்குகிறது என்பது மட்டும் உறுதி, ஒற்றை அவள் சும்மா போட்டிருக்க மாட்டாள். உனக்குக் களைப்பா என்று கேட்டிருப்பாள் என்கிறாள் தங்கை. தம்பி, உனக்குக் கோபமா என்கிறான், அந்த வாரம் நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். உனக்குக் கைவலிக்குமே என்று இருக்கலாம் என்பது என் கட்சி, விரலைப் பிடித்தபடி நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.